நிருபர் மேசையில் அப்பா

எங்கள் நகரத்து ஆல்பனி மைதானத்தில் பேஸ்பால் ஆடத் தொடங்கிய புதிதில், செய்தி எழுத வருகிறவர்களுக்கென்று அறை எதுவும் கிடையாது. பந்தை அடிக்கிறவருக்குப் பின்னால் கட்டியிருந்த வலையை ஒட்டி, ஒரு தறப்பாள் கூரையின் கீழே இரண்டு மடக்கு மேசைகள். 'நிருபர்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். காற்றடித்தால் அது பறந்துபோகும். நிருபர்களில் ஒருவர் எழுந்து ஓடிப் பிடித்து வருவார்.

அந்த மேசையில் ஒரு நாற்காலி என் அப்பாவுக்கும் இருந்தது. கொழும்பில் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதியவர், இங்கே விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நிருபர் மேசையில் இடம் கிடைத்தால் ஞாயிறுதோறும் கால் மணி நேரம் தருகிறோம் என்று எங்கள் தமிழ் வானொலிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அப்பா மைதானத்துக்காரர்களுக்கு மூன்று வாரம் மின்னஞ்சல் எழுதி, நிருபர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க வைத்தார். பேஸ்பால் பிறந்த அமெரிக்காவிலேயே ஆரம்பத்தில் நிருபர்கள் சனத்துக்கு நடுவே முழங்காலில் தாளை வைத்துத்தான் எழுதினார்களாம். மேசை கிடைத்த பிறகும் கண்டவர்கள் எல்லாம் அதில் வந்து உட்கார, சண்டை பிடித்துத்தான் இடத்தைக் காப்பாற்றினார்களாம். நாங்கள் குடியிருந்த பாபடோயிட்டோயிலிருந்து மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். பத்து வயதுக்காரிக்கு இதெல்லாம் எதற்கு? நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்ற நிருபர்கள் சத்தமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். அப்பாவோ ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே பிடித்து, தமிழில் முழங்கினார். ஒருவர் எல்லா மூலைகளையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் "பழம்! பழம்!" என்று கத்துவார். எங்கள் ஊர்க் கிளித்தட்டு விளையாட்டில் எல்லாக் கோடுகளையும் தாண்டியவரைப் பழம் என்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. பேஸ்பாலைக் கண்ணால் கண்டிராத எங்கள் பெரியவர்களுக்கு அந்த ஒரு சொல்லிலேயே ஆட்டம் விளங்கிவிடும் என்பதும் தெரியாது. ஊரறிய அப்பா வாழைப்பழம் விற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள், மேசைக்குப் பின்னால் படிக்கட்டில் நான் உட்கார்ந்திருக்க, என் பின்வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாவது பழத்துக்கு அவர்களும் சேர்ந்து "பளம்! பளம்!" என்று கத்திச் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, மேசையைக் கவனிக்கும் புதுப் பெண் ஒருத்தி வந்து, இவர் எந்தச் செய்தி நிறுவனம் என்று கேட்டாள். அப்பா நடு வசனத்தில் இருந்தார். பதிவை நிறுத்தாமல் கருவியை மட்டும் தள்ளிப் பிடித்து, என் பக்கம் திரும்பி, "ரேடியோவுக்கு எண்டு சொல்லு பிள்ளை, பட்டியல்லை பேர் இருக்கு" என்றார்.

அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான், இவர் நிருபர் இல்லை, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர் என்று அவளிடம் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாக, அப்படியானால் இந்த இடத்தை விட்டுத் தரவேண்டும் என்றாள்.

அப்பா கருவியை அணைத்தார்.

"என்னவாம்?"

"இடம் காணாதாம் அப்பா."

"ஓம், பரவாயில்லை. சனத்தோடை இருந்து பாப்பம்."

படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார். இன்னும் நான்கு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஒன்றுக்கும் அவர் பழம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வானொலியில் அந்தக் கால் மணி நேரம் பக்திப் பாட்டுக்குப் போனது. அவர் திரும்ப அங்கே இடம் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் கூசுகிறது.

வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போது, ஆட்டம் எப்படி என்று அம்மா கேட்டார். நான் அவசரமாக ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். அப்பா பகல் முழுவதும் விமானத்தடியில் வாக்கி டாக்கியில் ஆங்கிலத்திலேயே பேசி வேலை செய்கிறவர் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை.

"ஆட்டம் கிடக்கட்டும்," என்றார் அப்பா. "பிள்ளை எவ்வளவு வடிவா இங்கிலிஸ் கதைக்கிறாள் தெரியுமே? ஒரு பிழை இல்லை."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று நினைத்து, நான் சந்தோஷமாக இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன்.