பி.பி. நம்பர்

கல்யாணப் பத்திரிகையைப் புரட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் வீட்டு முகவரிக்குக் கீழே எங்கள் ஆபீஸ் டெலிபோன் நம்பர், பக்கத்தில் பி.பி. என்று அச்சடித்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், முதலாளி வீட்டின் முன்னறைதான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. கம்பெனி என்றால் அவரும் நானும்தான். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, அழைப்பு வந்தால் கூப்பிடச் சொல்லி வைப்பது அப்போது எல்லாத் தெருவிலும் உண்டு. அதற்குத்தான் பி.பி. என்று பெயர். எங்கள் தெருவில் போன் இருந்த ஒரே வீடு முதலாளியுடையது. அந்தப் போன் என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்தது.

"எங்க நம்பரை யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றேன், பத்திரிகை வைக்க வந்த எதிர்வீட்டம்மாவிடம்.

"உங்க சாருதாம்மா போட்டுக்கச் சொன்னாரு. நீதான் ஓடியாந்து கூப்ட்றியே, தங்கமான பொண்ணும்மா நீ," என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தாம்பரத்து மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்காக நான் எழுதிக்கொண்டிருந்த இருப்புக் கணக்கு ப்ரோகிராம் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. அது முடிந்து ஓடினால்தான் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பி.எட். படிக்கப் போக வேண்டியதுதான். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா காலேஜ்கூடப் பார்த்து வைத்துவிட்டார். எனக்கோ வாத்தியார் வேலை அறவே பிடிக்காது.

ஒரே மருந்து இரண்டு விலையில் வந்திருந்தால், பில் போடும்போது இருப்பு தப்பாகக் குறைந்தது. ஒவ்வொரு வரியாகப் பிடித்துக்கொண்டு போய், இதோ அகப்பட்டது என்கிற இடத்தில் போன் அடிக்கும். "யம்மா, பொழிச்சலூர்லேந்து பேசறேன். மூணாவது வூட்ல எங்க அத்தை கீறாங்களா? கொஞ்சம் கூப்டேன்." ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடுவேன். அந்த அத்தை அடுப்பை அணைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து, என் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஊர்க்கதையெல்லாம் பேசுவார். அவர் போன பிறகு திரையைப் பார்த்தால், எதைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு மறந்திருக்கும். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பேன்.

சில நாள் திரையில் எதுவுமே இருக்காது. நான் யாரையாவது கூப்பிடப் போன நேரத்தில், ஆளில்லாத அறையில் கரண்ட் எதற்கு என்று முதலாளி ட்யூப்லைட்டோடு சேர்த்துக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுப் போயிருப்பார். முதல் தடவை நான் போட்ட கூச்சலில் அவர் பயந்தே போனார். "மறுபடி ஸ்விட்சைப் போட்டா வரப்போகுது, அதுக்கு ஏம்மா இப்படிக் கத்தறே?" காலையிலிருந்து அடித்ததெல்லாம் போயிருந்தது. போனை வேறு அறைக்கு மாற்றுங்கள் சார் என்று கெஞ்சினேன். "கூப்பிடறது ஒரு நிமிஷ வேலை. அதுக்குப் போயி..." என்றார். அந்த மனிதர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

பத்திரிகை ஊருக்கெல்லாம் போன பிறகு கேட்கவே வேண்டாம். சமையல்காரர், பந்தல்காரர், பஸ் வழி கேட்கும் சொந்தக்காரர்கள் என்று போன் ஓயாமல் அலறியது. மாப்பிள்ளைக்கு என்ன அளவு சட்டை என்றுகூட என்னிடம் கேட்டார்கள். எனக்கு அது தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை.

கல்யாணம் படப்பையில், மாப்பிள்ளை ஊரில். முதல் நாளே தெரு மொத்தமும் வேனில் ஏறிவிட்டது. முதலாளியும் குடும்பத்தோடு கிளம்பினார். என்னிடம் சாவியை நீட்டி, "நீ இருந்து போனைப் பார்த்துக்கோம்மா, வழி கேட்டு யாராச்சும் கூப்பிடுவாங்க," என்றார்.

ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். கல்யாணத்தன்று காலையில் உட்கார்ந்தவள், போன் டெட் ஆகிவிட்டதோ என்று நடுவில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். டயல் டோன் நன்றாகத்தான் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தப்பு அகப்பட்டது. மிச்சமிருந்த ரிப்போர்ட்டுகளும் சாயங்காலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. எனக்கே நம்ப முடியவில்லை. யாருமில்லாத அறையில் எழுந்து நின்று கைதட்டினேன்.

அடுத்த வாரம் மருந்துக்காரர் வந்தார். இரண்டு விலை மருந்துக்குத் தானே பில் போட்டு, இருப்பைச் சரிபார்த்து, திருப்தியாகக் கிளம்பிப் போனார். அவரை வழியனுப்பிவிட்டு வந்த முதலாளி, "எப்பம்மா முடிச்சே?" என்று கேட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு சார். ஒரே நாள்ல!" பெருமை தாங்காமல் சொன்னேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏமாந்துபோனவரைப் போல என்னைப் பார்த்தார். "ஒரு நாள் வேலையாம்மா இது? அப்ப இத்தனை மாசமா இங்க உட்கார்ந்து என்னதான் பண்ணிக்கிட்டிருந்தே?" வேலை நிரந்தரத்தைப் பற்றி இன்னும் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். போன், மூன்றாவது வீட்டு அத்தை, ட்யூப்லைட், கல்யாணம், ஒன்றையும் விடவில்லை. அப்பா கடைசிவரை கேட்டார். நான் முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சொல்றதெல்லாம் சரிம்மா," என்றார். "ஆனா ஒரு நாள் வேலைக்கு ஏன் இத்தனை மாசம் ஆச்சு?"