ஒரு நாள் தாமதமாகப் பெய்த மழை

ஆம்பூருக்கு வெளியே எங்கள் வீட்டின் பின்புறம், வெட்டவெளியில் அரசாங்கத்தின் மழைமானி ஒன்று இருக்கிறது. என் மாமனார் காலத்தில் சிமென்ட் மேடை கட்டி நட்டது. தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழை இல்லாவிட்டாலும் பூஜ்ஜியம் எழுதியாக வேண்டும்.

மாமனார் போனபிறகு அது என் தலையில் விழுந்தது. கணவர் ஆறு மணிக்கே தோல் பதனிடும் ஷாப்புக்கு ஷிஃப்டுக்குப் போய்விடுவார். மாமியாருக்கு ஜாடியின் கோடு கண்ணுக்குத் தெரியாது. அம்மா வீட்டில் நான் ஒரு ராத்திரி தங்கி எத்தனையோ வருஷமாகிறது. பூஜ்ஜியம் எழுதுவதற்காக ஒருத்தியைக் கட்டிப்போட்டிருக்கிறார்களே என்று வெயில் காலத்தில் அந்த உருளையை எட்டி உதைக்கத் தோன்றும்.

அப்புறம் எனக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் ஏழேகாலுக்கு வந்துவிடும். அதனால் ஏழு மணிக்கே அளந்து, எட்டரை என்று அச்சடித்த கட்டத்தில் எழுதினேன். ஒன்றரை மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு மழைக்காலம் அப்படியே ஓடியது.

ஏரிகளுக்கு எந்த நாளில் எவ்வளவு நீர் வருகிறது என்று ஆராய, வேலூரில் படிக்கும் மாணவி ஒருத்தி வந்து பதிவேட்டைப் படமெடுத்துப் போனாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்போடு மறுபடி வந்தாள்.

"அக்கா, குடியாத்தத்துல காலையில பேஞ்ச மழை உங்க ஊர்ல மட்டும் மறுநாள் கணக்குல வருது. மலை தடுக்குதுன்னு நெனச்சு ஒரு அத்தியாயமே எழுதிட்டேன்."

"அப்டியாம்மா?" என்றேன்.

"ஒண்ணுதான் புரியல. ஞாயித்துக்கிழமையில மட்டும் சரியா இருக்குது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்கும் ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பாள், கெட்டிக்காரி. சொன்னால் என் பஸ் போய்விடும். சொல்லாவிட்டால் என் பொய்யை நம்பி நாளைக்கு யாராவது ஏரி மதகைத் திறப்பார்கள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

"மலைக்கு ஏதும்மா லீவு? ஞாயித்துக்கிழமை எனக்குத்தான் லீவு. அன்னிக்கு மட்டும்தான் எட்டரைக்கு அளப்பேன்," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. லேப்டாப்பை மெல்ல மூடினாள். "நான் இத எழுதித்தான் ஆவணும்க்கா," என்றாள்.

பத்து நாளில் மழைக் கணக்கு அதிகாரி வந்தார். மழைமானியைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"எடம் மாத்துனா இத்தினி வருஷக் கணக்கும் அறுந்துபூடும்மா. அத அசைக்கக் கூடாது," என்றார்.

மாமியார் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு வந்தார். "உங்க மாமா கட்டிக் காப்பாத்துனது. இன்னா பெரிய ஷூ கம்பெனி, நின்னுடு," என்றார். கணவர் பக்கத்திலேயே நின்றார். வாயே திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு மாமியாரைவிட அவர்மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

இன்று காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்து, சரியாக எட்டரைக்கு மழைமானியைத் திறந்தேன். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. பூஜ்ஜியம் என்று எழுதினேன். ஏழு மணிக்குப் பார்த்திருந்தாலும் இதே பூஜ்ஜியம்தான்.