சீல் வைத்த அல்காரிதம்

வடசேரியில் ஒரு பிரௌசிங் சென்டரில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன், படுக்கையும் அங்கேதான். தினமும் ஒரு கல்லூரி வாத்தியார் வருவார். மடிப்புக் கலையாத சட்டை, யாரையும் மதிக்காத முகம். எண்களை வேகமாக வரிசைப்படுத்த ஒரு அல்காரிதம் கண்டுபிடித்திருந்தார். அதைத் தன் பெயரோடு இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றுவார். மறுநாளே நீக்கிவிடுவார்கள். வேறு யாராவது சோதித்து எழுதியிருக்க வேண்டுமாம். சொந்தமாக அச்சடித்த புத்தகத்தைக் காட்டினார், அதுவும் செல்லுபடியாகவில்லை. கடைசியில் அல்காரிதத்தை எழுதிய தாளில் ஒரு அரசு அதிகாரியிடம் பச்சை மையில் சான்றொப்பம் வாங்கி வந்து, ஸ்கேன் செய்யச் சொன்னார்.

"சாரே, கூட வேலை பாக்கவங்ககிட்ட குடுத்து சோதிக்கச் சொல்லப்பிடாதா?" என்றேன்.

"அந்த மண்டனுவளுக்கு என்னலே தெரியும்?"

"கையெழுத்து போட்டவருக்கு வெளங்கிச்சா?"

"அவரு எதுக்குலே வாசிக்கணும்? சீல் வச்சாரில்லா."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே சிரிப்பு வந்தது. ஸ்கேன் செய்து கொடுத்தேன். அதையும் நீக்கினார்கள். அந்த ஆள்மீது எனக்கு இன்றும் மரியாதை இல்லை. ஆனால் அந்த அல்காரிதம் ஒருவேளை சரியாகவே இருந்திருக்குமோ என்பதுதான் உறுத்துகிறது.