சுளுக்கு என்று நினைத்த கழுத்துவலி

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்தில் ஒரு காலை. வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் பஸ்ஸில் நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு நாளாக அவருக்கு இடதுபக்கக் கழுத்தில் வலி. அடிபடவில்லை, மூட்டை தூக்கவில்லை. தூங்கி எழுந்தபோதே வலித்தது. சுளுக்குத்தான் என்று நினைத்து, தைலம் போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். குறையவில்லை. டவுனில் சுளுக்கு எடுப்பவரிடம் காட்டலாம் என்று கிளம்பியிருந்தோம்.

பக்கத்து சீட்டிலிருந்த ஒரு பெண் என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஒங்க வீட்டுக்காரருக்கு இடது கண்ணு எப்பவுமே இப்பிடித்தான் சொருகிக் கெடக்குமா?"

அப்போதுதான் கவனித்தேன். இடது இமை பாதி இறங்கியிருந்தது. அந்தக் கண்மணியும் மற்றதைவிடச் சிறுத்திருந்தது.

எங்கே போகிறோம் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் நர்ஸும்மா. கழுத்துல யாரையும் கை வைக்க விட்ராதீங்க. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போகணும்." அவரே எங்களோடு வந்து, டாக்டரிடம் பேசி, மதுரைக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

மலையிறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கணவரின் தலை ஆடாமல் இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தேன். "வலது கை மரத்துக் கெடக்கு" என்றார். அதற்குப்பின் பேச்சு குழறியது. பிறகு அதுவும் நின்றது. கல்யாணமாகி முதன்முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன். கண் மட்டும் என்னைப் பார்த்தது.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயின் உள்சுவர் தானாகவே கிழிந்திருந்ததாம். மூளையின் இடதுபக்கத்துக்கு ரத்தம் குறைந்ததால்தான் வலது கை மரத்து, பேச்சும் நின்றதாம். "கழுத்தைத் திருகியிருந்தா உசுருக்கே ஆபத்தாயிருக்கும்மா" என்றார் டாக்டர். தேய்த்துவிட்ட என் கைகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பேச்சு தெளிந்தது. டாக்டர் என் கணவரின் கட்டைவிரலை மணிக்கட்டோடு உள்பக்கமாக மடக்கிப் பார்த்தார். முன்கையில் போய் ஒட்டிக்கொண்டது. உடம்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் திசுவே அவருக்குப் பிறவியிலேயே பலவீனமாம். பிள்ளைகளுக்கும் இருக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தேன். அப்படியே ஒட்டியது. "எங்க கிளாஸ்ல வேற யாருக்கும் இப்பிடி வராதும்மா!" என்று பெருமையாகச் சிரித்தாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகாமலே போகலாம் என்கிறார் டாக்டர். வருடா வருடம் காட்டிவருகிறோம். ஆனாலும் "கழுத்து வலிக்குதும்மா" என்று அவள் சொல்லப்போகும் ஏதோ ஒரு நாளை நினைத்துப் பயந்தபடிதான் வாழ்கிறேன். யார் வலி என்று சொன்னாலும், கை வைப்பதற்கு முன் காது கொடுத்துக் கேட்க அந்தப் பயம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.