நூறு மீட்டருக்கு ஒரு குச்சி

"ஹில்லிக்யா பயத்துல நம்பரை மாத்திச் சொல்லிட்டாளாம்." யாரோ சொல்லிக் கேட்டதை ரொட்டிக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். மூடுபனியில் கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் லாமர்ட்டுக்குப் பக்கவாதம். உதவி கேட்டுப் போன் செய்தவள், சாலையோரக் கிலோமீட்டர் குச்சியில் இருந்த 43.7-ஐ 47.3 என்று படித்துவிட்டாளாம். ஆம்புலன்ஸ் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்த் தேடிவிட்டு, இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தது. லாமர்ட் பிழைத்துவிட்டான். வலது கை மட்டும் அப்போதும் எழவில்லை.

கைப்பேசி தானாக இடம் காட்டாத காலம் அது. எங்கள் ட்ரென்டே மாகாணச் சாலைகளில் நூறு மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ஹெக்டோமீட்டர் குச்சிதான் முகவரி. ஹெக்டோமீட்டர் என்ற அளவை நாங்கள் வேறு எதற்கும் சொல்வதில்லை. நல்லபடியாகப் போகிறவர்கள் யாரும் அந்த எண்ணைப் படிப்பதுமில்லை.

என் பக்கத்து வீட்டு ஆல்பர்டீன் இருபத்திரண்டு வருடமாக அந்தச் சாலையோரப் புல்லை வெட்டிவந்தாள். டிராக்டரில் ஒரு பிளாஸ்க் காப்பி, சீஸ் வைத்த ரொட்டி, துணைக்கு ரேடியோ. டிராக்டரின் புல்வெட்டும் கை இடித்துக் குச்சி சாய்ந்தால் அவளே இறங்கி நட்டு, மண்ணை மிதித்து இறுக்குவாள். "அப்பன் கல்லறையைவிட அந்தக் குச்சியைத்தான் நல்லா பார்த்துக்குறா" என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

சனிக்கிழமை அவள் காரில் டவுனுக்குப் போனோம். காரில் போனால் எனக்கு எப்போதும் பயம்; எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தாக வேண்டும்.

"43.5... 43.6..."

"ஆரம்பிச்சிட்டியா? விபத்து நடக்குறதுக்கு முன்னாடியே நம்பர் படிக்கிற ஒரே ஆளு நீதான்."

"47.3."

"என்ன, தூங்கிட்டியா?"

"43.8."

ஆல்பர்டீன் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் நடந்து போய்ப் பார்த்தோம். 43.6-க்கும் 43.8-க்கும் நடுவே 47.3 குச்சி நேராக, அழகாக நின்றது. அடியில் மண் நன்றாக மிதிபட்டிருந்தது.

"செப்டம்பர்ல ஒரே நாள்ல ரெண்டு குச்சி சாஞ்சுது" என்றாள். "செம மழை. ரெண்டையும் வண்டிக்குள்ள போட்டுக்கிட்டு, சாயங்காலம் வந்து நட்டேன். நான்தான் மாத்தி நட்டிருக்கேன்."

நான் அக்கம்பக்கம் பார்த்தேன். "உன் ஒப்பந்தக்காரருக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும். பேசாம இப்பவே சரியா மாத்தி நட்டுடலாமா?"

"மாத்திட்டா ஹில்லிக்யா பொய் சொன்ன மாதிரியே ஆயிடும்ல? மூணு வாரமா ஊரே அவளைப் பேசுது. நேத்து பாத்தப்போ, 'என் கண்ணுதான் கெட்டுப்போச்சு, ஆல்பர்டீன்'னு என்கிட்டயே சொல்றா. நானும் தலையாட்டிட்டு வந்தேன்."

குச்சியை அவள் தொடவில்லை. ஈரப் புல்லில் நின்றபடியே கைப்பேசியை எடுத்து ஹில்லிக்யாவின் எண்ணை அழுத்தினாள். ஒரு லாரி கடந்து போனது. அதன் இரைச்சல் அடங்கிய பிறகும் மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்டீன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.