வீட்டில் மட்டும் ஓடாத அடாப்டர்

1. கவுண்டருக்கு வந்தது

ரிட்டர்ன் கவுண்டரில் உட்கார்ந்த முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு பேர் என்னைத் திட்டினார்கள். ஒருவர் தமிழில், ஒருவர் கன்னடத்தில், ஒருவர் இந்தியில், ஒருவர் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் திட்டியது முழுதாகப் புரியவில்லை. அதனால் அவருக்குத்தான் மிகுந்த மரியாதையுடன் தலையாட்டினேன்.

எங்கள் கடை பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கிறோம். கவுண்டருக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் அதே கடையின் குடோனில் இருந்தேன். குடோன் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மானிட்டர் பெட்டிகளைச் சுமந்து ஏறி இறங்கியதில் வலது முழங்கால் போய்விட்டது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஸ்ரீராம்புரத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். புது ஆளைப் பார்த்தால் வாய் திறக்காது. வேறு கடையில் போய் வேலை கேட்க வேண்டும் என்று நினைத்தாலே கால் வலியே தேவலை என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில் ரிட்டர்ன் கவுண்டரில் இருந்தவர், ஒரு கஸ்டமரோடு சட்டையைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை போட்டுவிட்டு நின்றுவிட்டார். முதலாளி நாகராஜண்ணா என்னைக் கூப்பிட்டார். அவர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார்.

"ஏழுமலை, உன்க்கு பேச வராதல்லா?"

"வராதுண்ணா."

"அதுதான் பேக்கு, அதான் வேணும் நமக்கு. பேசறவன் உக்காந்தா ஜகள, சண்டை ஆகுது. நீ சும்மா உக்காரு. கஸ்டமர் கூவிக் கூவி அவரே டயர்ட் ஆகிப் போய்டுவார்."

சேல்ஸ் கவுண்டரில் இருந்த இம்தியாஸ் கைதட்டினான். கடையில் பேச்சு முழுவதும் அவனுடையது. "அரே வா! ஏழுமலை பாய்க்கு ப்ரமோஷன். இதுவரைக்கும் பொட்டி சொமந்தீங்க, இனிமே திட்டு சொமங்க. வெயிட் கம்மி!"

2. செத்துப்போகாத பிணங்கள்

கவுண்டருக்குத் திரும்பி வருவதில் பாதி வைஃபை அடாப்டர்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போனிலும் லேப்டாப்பிலும் வைஃபை உள்ளேயே இருக்கும். வீட்டு டெஸ்க்டாப் பலவற்றில் இருக்காது. அதற்கு வெளியிலிருந்து ஒரு சின்ன பீஸ் சொருக வேண்டும். கட்டைவிரல் நகம் அளவிலும் வரும், இரண்டு கொம்பு வைத்தும் வரும். ஆள் சின்னதாக இருந்தாலும், அதன் பெயரால் கடையில் நடக்கும் சத்தம் பெரியது.

நான் உட்கார்ந்த முதல் மாதம், திருப்பிக் கொடுத்ததையெல்லாம் வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு டீலருக்கு அனுப்பினேன். பெட்டி அப்படியே திரும்பி வந்தது. ஒவ்வொரு பீஸிலும் 'நோ ஃபால்ட்' என்று ஸ்டிக்கர். எல்லாம் நல்ல பீஸ்.

நாகராஜண்ணா பெட்டியை என் முன்னால் வைத்தார். "ஏழுமலை, செத்த பீஸ் வாங்கு, தப்பில்ல. இன்னொரு நல்ல பீஸ செத்துப்போச்சுன்னு வாங்கி வெச்சே, நீ திரும்ப மூணாவது மாடி."

அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் டெஸ்டிங் மெஷினில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மூடியைக் கழற்றாமலே சொருகிப் பார்த்தவர் ஒருவர். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அடாப்டரைச் சொருகும் முனையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பென்சில் ரப்பரால் துடைத்துக் கொடுத்தேன், ஓடியது. அதில் ஒருவர், "இதை ஏன் பெட்டி மேல எழுதலை?" என்று கேட்டார். சாமிக்குப் பொட்டு வைக்கும் இடத்தைக் கம்பெனிக்காரன் எப்படி எழுதுவான் என்று கேட்கத் தோன்றியது. தலையாட்டினேன்.

3. முரளிதரன் சார்

ஒரு சனிக்கிழமை முரளிதரன் சார் வந்தார். நாற்பது வயதிருக்கும். திருச்சிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது.

இம்தியாஸ் வழக்கம்போல், "சார் எந்த மாடல் பாக்கறீங்க?" என்றான்.

"மாடல் நீங்க எனக்குச் சொல்ல வேணாம். நான் நெட்வொர்க் டெலிவரி மேனேஜர். அமெரிக்கால மூணு பேங்க்கோட நெட்வொர்க் என் டீம்தான் பாக்குது."

"அப்ப நீங்கதான் சார் எங்களுக்கு க்ளாஸ் எடுக்கணும்."

இம்தியாஸ் விளையாட்டாகச் சொன்னான். சார் எடுத்தார். அரை மணி நேரம். பின்னால் நின்ற இரண்டு கஸ்டமர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அந்த வகுப்பில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவர் கம்பெனியில் எல்லோரையும் தினமும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் தனியாக ஒரு டெஸ்க்டாப், அதில் வீட்டு நெட், நல்ல ஸ்பீடு, இதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பினால் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். ரூட்டர் ஹாலில் இருக்கிறது, கம்ப்யூட்டர் உள் ரூமில். வயர் இழுத்தால் மேடத்துக்குப் பிடிக்காது. இன்டீரியர் செய்த சுவரில் ஓட்டை போட விடமாட்டார்களாம். அதனால்தான் அடாப்டர்.

இரண்டு கொம்பு வைத்த பீஸை வாங்கிப் போனார். திங்கட்கிழமை என் முன்னால் நின்றார்.

"செத்துப்போச்சு. நேத்து பூரா ஓடுச்சு. இன்னைக்குக் காலைல கனெக்டே ஆகலை."

மெஷினில் போட்டேன். ஓடியது. வீடியோவும் வந்தது.

"உங்க கடை நெட்வொர்க் சின்னது. என் வீட்ல இருக்கறது வேற லெவல். இந்த டெஸ்டெல்லாம் ஒரு டெஸ்ட்டா?"

கடை அதிரும்படி கத்தினார். நாகராஜண்ணா வந்து, ஒரே ஒரு தடவை என்று சொல்லி, தன் கையாலேயே வேறு பீஸ் எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சார் அதையும் கொண்டு வந்தார். இந்தத் தடவை பீஸ் மட்டுமல்ல, ஆட்டோவில் சிபியூவையும் ஏற்றிக்கொண்டு வந்தார். கடையில் அவருடைய சிபியூவில் அதே பீஸ் ஜம்மென்று ஓடியது. சார் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏழுமலை," என்றார் நாகராஜண்ணா, "நாளைக்கு நீ சார் மனைக்கு ஹோகு, வீட்டுக்குப் போ. நல்ல பீஸ்னா அங்கயே உட்டுட்டு வா. செத்த பீஸ்னா எடுத்துட்டு வா. எடுத்துட்டு வந்த பீஸ் இங்க ஓடிச்சுனா..." விரலை மேலே காட்டினார். மூன்றாவது மாடி இருக்கும் திசை.

4. ஹெப்பகோடி

சார் வீடு ஹெப்பகோடியில் ஒரு அபார்ட்மெண்டில், ஒன்பதாவது மாடி. லிஃப்ட் இருந்தது. கதவைத் திறந்தது அவருடைய மனைவி சுதா மேடம். சார் உள் ரூமில் ஆபீஸ் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தார். கண்ணாலேயே கம்ப்யூட்டரைக் காட்டிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருடைய அடாப்டரைச் சொருகினேன். வீட்டு வைஃபை பெயர் தெரிந்தது. சேரவில்லை. பையிலிருந்து கடையின் டெஸ்ட் பீஸை எடுத்தேன். இரண்டு வருடமாக தினமும் நூறு தடவை சொருகிப் பிடுங்கினாலும் சாகாத பீஸ் அது. உடனே சேர்ந்தது. சரி, அவருடையது செத்த பீஸ்தான் போல என்று மனசு லேசாகியது.

மேடம் ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து வைத்து, ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். "வந்துருச்சாண்ணா?" என்றார். "வந்துருச்சு மேடம்" என்றேன். ஹாலுக்குப் போனார். நான் மோரைக் குடித்து முடிக்கும்போது டெஸ்ட் பீஸும் செத்துக் கிடந்தது.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். டெஸ்ட் பீஸ் ஓடியது. அவருடைய பீஸும் ஓடியது. வீட்டு வைஃபைக்கு மாற்றினால் இரண்டும் பிணம். அப்போதுதான் எங்கள் நாகராஜண்ணாவின் ஞாபகம் வந்தது. கிரிக்கெட் மேட்ச் நாளில் இம்தியாஸின் போனில் மட்டும் கடை நெட் வராது. அண்ணா தன் போனில் ரூட்டர் ஆப்பைத் திறந்து, லிஸ்டில் அவன் பெயரை அமுக்கி 'ப்ளாக்' போட்டுவிடுவார். புதுப் போன் வந்தால் மறுபடி போட வேண்டும். புது அடாப்டருக்கும் அதே கதைதான்.

மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து ஹாலுக்குப் போனேன். மேடம் சோபா ஓரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ரூட்டர் ஆப் யார் போன்ல இருக்கு?"

கேட்ட பிறகுதான், புது ஆளிடம் நானாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மேடம் பால்கனிக் கதவைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேசினார்.

"நெட்டு போட வந்தப்ப அவரு ஆபீஸ்ல இருந்தாரு. என் நம்பர்தான் கொடுத்தேன். ஓடிபி எனக்குத்தான் வரும். ஆப்பும் என் போன்லதான். இத்தனை வருஷத்துல ஒருநாளும் அவரு கேட்டதில்ல."



"கொரோனா சமயத்துல ரெண்டு வருஷம் வீட்லருந்தே வேலை பார்த்தாருண்ணா. குக்கர் விசில் வரக் கூடாது, அமெரிக்காக்குக் கேக்குதாம். மிக்சி போடணும்னா மீட்டிங் முடியணும். எங்கம்மாகிட்ட பாத்ரூம்ல நின்னு பேசுனேன். மணிக்கொரு தடவை கதவு இடுக்குல கை மட்டும் வெளிய வரும், காலி கப்போட. இப்ப அது நிரந்தரமாவாம்."

"சார்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா மேடம்?"

"சொன்னேனே. 'நான் இருந்தா உனக்கும் கம்பெனியா இருக்கும்ல'ன்னாரு." கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "லேப்டாப்பை நிறுத்துனா கண்டுபுடிச்சுடுவாரு. அதான் இதை மட்டும். பீஸ் போயிடுச்சுன்னு சொல்லிடுங்கண்ணா. வெள்ளிக்கிழமை தாண்டுனா போதும்."

பீஸ் போயிடுச்சு என்று சொன்னால் அதை நான் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே அது ஓடும். நான் மூன்றாவது மாடிக்குப் போவேன். நடந்ததைச் சொன்னால் என் கால் பிழைக்கும், இந்தம்மா இனி வருஷம் முழுக்கச் சத்தமில்லாமல் சமைக்க வேண்டும். பொய் சொல்லவும் எனக்கு வராது. அதற்கும் கொஞ்சம் பேச்சு வேண்டுமல்லவா?

பால்கனிக் கதவு திறந்தது. சார் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்னண்ணே, போச்சா? ஆனஸ்டா சொல்லுங்க."

அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான்கு நாள் அலைந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"பீஸ் நல்லா இருக்கு சார்."

மேடத்தின் கை போனை இறுக்கிப் பிடித்தது.

"அப்ப ஏன் ஓடலை?"

 தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடத்தை ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

சார் வாய்விட்டுச் சிரித்தார். "சுதாவையா? அவளுக்கு டிவி ரிமோட்டே நான்தாங்க சொல்லித்தரணும். நெட்வொர்க்கைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

  மேடமும் நானும் பேசாமல் நின்றதைப் பார்த்ததும் சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. போனில் ஏதோ ஒரு படத்தைத் திறந்து காட்டினார்.

"இங்க பாருங்க. சுத்தி எத்தனை வைஃபை! மேல, கீழ, எதிர் ப்ளாட். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. இது இன்டர்ஃபியரன்ஸ். நேத்தே நெனச்சேன். உங்க கடைல எப்படி ஓடுது? அங்க கூட்டம் கம்மி. இல்லையா?"

எஸ்.பி. ரோட்டில் கூட்டம் கம்மி என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். கவுண்டரில் ஆட்டுவதுபோலத் தலையாட்டினேன். இருபது நிமிடம் க்ளாஸ் நடந்தது. முடிவில் இந்தக் கட்டிடமே வயர்லெஸுக்கு லாயக்கில்லை என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அதை ஆங்கிலத்தில் தன் மேலதிகாரிக்கும் போனில் விளக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் சின்னதாக இருந்தது.

"சுதா, திங்கக்கிழமைலருந்து ஆபீஸ்தான். என்ன பண்றது, பில்டிங் அப்படி."

"பரவால்லைங்க," என்றார் மேடம். "வெளிய போய்ட்டு வந்தா உங்க உடம்புக்கும் நல்லதுதான்."

பீஸைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரே, "இருக்கட்டும், வேற வீடு மாறினா உதவும்" என்று மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

5. அதன் பிறகு

கடைக்கு வந்ததும் நாகராஜண்ணா, "ஏனாய்த்து, என்ன ஆச்சு?" என்றார். "நல்ல பீஸ்ணா, அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் இன்றும் கீழ்த் தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செய்தது சரியா என்று பல நாள் யோசித்தேன். பணம் கொடுத்தவர் அவர். அவருக்குப் பிரயோஜனம் இல்லாத ஒன்றை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஆனால் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பக்கத்தில் நின்றவரை அவர் கேட்கவில்லை. அதற்கு மேல் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

ரிட்டர்ன் கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கடையில் ஓடி, வீட்டில் மட்டும் ஓடாத சாமான் வந்தால் சாமானை ரொம்ப நேரம் பார்க்காதீர்கள். அது ஓடக் கூடாது என்று அந்த வீட்டில் யாராவது நினைக்கிறார்களா, அதற்கு என்ன காரணம் என்று கொண்டு வந்தவரை யோசிக்க விடுங்கள். நான் இப்போது டெஸ்டிங் மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். "வீட்டு நெட் யார் நம்பர்ல சார் இருக்கு?" சிலர் பட்டென்று பதில் சொல்வார்கள். அவர்களுடைய பீஸ் பெரும்பாலும் நிஜமாகவே செத்திருக்கும். சிலர் வாயைத் திறந்து, மூடி, பீஸைப் பார்த்துவிட்டு, அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். திரும்ப வருவதில்லை.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மட்டும் மறுநாள் வந்தார். அடாப்டர் கொண்டு வரவில்லை. வீட்டில் யார் என்ன சத்தம் போட்டாலும் மீட்டிங்குக்குள் போகாத மைக் இருக்கிறதா என்று கேட்டார். இம்தியாஸ் பேச ஆரம்பிப்பதற்குள் நானே எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன்.