எலக்ட்ரீஷியனின் கடைவாய்ப் பல்

வாயைப் பிளந்து, ஒரு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மறு கையால் உள்ளே டார்ச் அடிக்கிறார். "தெரியுதா சார்? கடைசிப் பல்லுக்குப் பின்னாடி. எலும்புலயே திருகாணி இறக்கியிருக்காங்க." பார்க்காமல் நகரவிட மாட்டார். எங்கள் அலுவலகத்தின் பழைய வயரிங்கை மாற்ற வந்திருக்கும் எலக்ட்ரீஷியன் இவர். வயது ஐம்பத்து நான்கு. மூன்றே நாளில் அந்தக் குட்டித் திருகாணியைக் காசாளர் முதல் காவலாளி வரை பார்த்தாகிவிட்டது.

கீழ்க் கடைவாயில் ஒரு பல்லை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். பின்னால் இருந்த பல் அந்தப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அதைப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்தத்தான் இந்த வைத்தியம். பக்கத்துப் பல்லையே பிடிமானமாக வைத்தால் என்ன என்று கேட்டேன். என் அறிவை நினைத்துப் பரிதாபப்பட்டார். "சாஞ்ச கம்பத்த நிமித்த பக்கத்துக் கம்பத்துலயா சார் ஸ்டே கம்பி கட்டுவீங்க? அதுவும் சேந்து சாஞ்சிரும். தரையில ஆங்கர் அடிச்சு இழுக்கணும். இதான் அந்த ஆங்கர்."

வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "பேரன் எடுக்கிற வயசுல பல்லுக்குக் கம்பியா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாராம். கூடவே வேலை பார்க்கும் மைத்துனர், "பிடுங்கி எறிஞ்சிட்டுப் போங்க மாமா" என்று தினமும் ஓதுகிறார். இவர் மசிவதாக இல்லை. "எல்லாரும் சொன்னாங்கன்னு ஏற்கெனவே ஒண்ணப் பிடுங்கியாச்சு. இது என் பல்லு. எனக்கு வேணும்."

இப்போது இருப்பது இரண்டாவது திருகாணி. முதலாவது போனது இவருடைய கைங்கரியம்தான். லேசாக ஆடுவது போலிருக்கவே, கண்ணாடி முன் நின்று டெஸ்டரால் அரைச் சுற்று முடுக்கியிருக்கிறார். மறுநாள் கையோடு வந்துவிட்டது. பல் டாக்டரம்மா வறுத்தெடுத்துவிட்டார். "இன்னொண்ணு போடுறேன். இதுவும் போச்சுன்னா பல்லை எடுத்துர வேண்டியதுதான். டெஸ்டர் கிட்டயே வரக் கூடாது. வயரையும் கடிக்கக் கூடாது." முப்பது வருடமாக வயரின் தோலைப் பல்லால் உரித்தே பழகியவருக்கு அந்தக் கடைசிக் கட்டளைதான் பெரும்பாடு.

நேற்று மாலை ஏணியின் உச்சியில் நின்றார். கரண்டை நிறுத்தியிருந்ததால் அலுவலகமே வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. பாக்கி ஒரே ஒரு வயர். பழக்க தோஷம், கை வாய்க்குப் போய்விட்டது. பாதியில் நின்றது.

"கடிச்சு இழுங்க மாமா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் கீழே ஏணியைப் பிடித்திருந்த மைத்துனர்.

"சீக்கிரம்பா" என்றார் மேலாளர்.

ஏணியில் இருந்தவர் கையை இறக்கினார். வயரைத் தொங்கவிட்டார். பன்னிரண்டு படியையும் ஒவ்வொன்றாக, அவசரமே படாமல் இறங்கினார். பையைத் துழாவி வயர் கட்டரை எடுத்தார். எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் முதல் படியில் கால் வைத்தார்.